கோவில்பட்டி ஓடுதளத்துக்கு எந்த மின் விமானம்? டிட்கோவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவில் விமானத் துறைத் திட்டங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோவில்பட்டி ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர நீங்கள் எடுத்த முயற்சியை இந்தப் பக்கத்து ஆட்கள் ஆவலோடு கவனித்து வருகிறோம். அந்தத் திட்டத்தில் மின் விமானத்துக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுக்க பேட்டரியில் பறக்கும் சிறு விமானமும், பேட்டரியோடு எரிபொருள் இன்ஜினும் சேர்ந்த ஹைப்ரிட் விமானமும் வேறு வேறு வேலைக்கு உரியவை. டெண்டர் ஆவணத்தில் இரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிட்டால், பயிற்சிக்கு வாங்கியது பயணத்துக்கு உதவாது, பயணத்துக்கு வாங்கியது பயிற்சியில் நட்டம் வைக்கும்.

நான் கயத்தாறு, பணகுடி பக்கத்துக் காற்றாலைகளில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தவன். ஜெனரேட்டர், கன்வெர்ட்டர், பேட்டரி, அப்புறம் காற்று, இவைதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் மின் விமானங்களின் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் எடைக் கணக்கு. ஒரு கிலோ விமானப் பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறு விமானத்தின் பிஸ்டன் இன்ஜின் அதில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே மட்டும் சுழலும் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, கையில் நிற்பது 3 யூனிட்டுக்குச் சற்று மேல். பேட்டரிப் பக்கம் வாருங்கள். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த வெலிஸ் எலெக்ட்ரோதான் உலகில் முதன்முதலில் வகைச் சான்றிதழ் (இந்த மாதிரி விமானம் பறக்கத் தகுதியானது என்ற சான்று) பெற்ற மின் விமானம். 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்தச் சான்றைக் கொடுத்தது. அதன் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து சுமார் 140 கிலோ எடை, கொள்ளளவு 25 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு 0.18 யூனிட் கூட வரவில்லை. மின் மோட்டார் அதில் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்கிவிடுகிறது என்றாலும் 0.16 யூனிட்தான். இருபது மடங்கு வித்தியாசம்! மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இடைவெளியை அதனால் அடைக்க முடியாது.

இன்னொரு விஷயம், பலர் யோசிக்காதது. பெட்ரோல் விமானம் பறக்கப் பறக்க எடை குறையும். பேட்டரி விமானம் ஏறும்போது என்ன எடையோ அதே எடையோடுதான் இறங்கும். அதனால் சக்கரமும் அதன் தாங்கு அமைப்பும் முழு எடையைத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும், அதற்கும் எடை. வெலிஸின் உச்ச எடை 600 கிலோ. பேட்டரியும் உடம்பும் போக மனிதர்களுக்கு மிஞ்சுவது 172 கிலோ. பயிற்சியாளர் ஒருவர், மாணவர் ஒருவர், அவ்வளவுதான்.

அப்படியானால் பேட்டரி விமானம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பயிற்சிப் பள்ளியின் ஆரம்ப மணி நேரங்களுக்கு அதைவிடப் பொருத்தமான விமானம் இன்றைக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஆரம்பக் கட்டம் முழுக்க ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான். ஏறுவது, ஒரு வட்டம், இறங்கித் தொட்டு மறுபடி ஏறுவது. ஒரு சுற்று ஐந்தாறு நிமிடம். வெலிஸ் ஒரு சார்ஜில் ஏறக்குறைய 50 நிமிடம் பறந்து, அவசரத்துக்கென்று ஒரு பங்கையும் மிச்சம் வைத்திருக்கும். விமானம் ஓடுதளத்தை விட்டு எங்கும் போகவே இல்லை என்பதால் தூரம் பற்றிய கவலையே அங்கே எழாது. ஒரு மாணவர் இறங்கி, பயிற்சியாளரோடு உட்கார்ந்து தவறுகளைப் பேசி முடிப்பதற்குள் கணிசமான சார்ஜ் ஏறியிருக்கும்.

செலவைப் பாருங்கள். முழு சார்ஜ் 25 யூனிட் கரண்ட். வணிகக் கட்டணத்தில் யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 250 ரூபாய். அதே அளவுள்ள பெட்ரோல் விமானம் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும். பேட்டரி தேய்ந்து மாற்றும் செலவை இதோடு சேர்க்க வேண்டும், அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் ஐம்பது லட்சம் வரை கட்டணம் கேட்கும் ஒரு படிப்பில், எரிபொருளில் விழும் மிச்சம் மாணவருக்குப் போய்ச் சேர்ந்தால் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பம் வாங்கிப் பார்க்கும் துணிச்சல் வரும். கட்டணத்தைக் குறைப்பதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதினால்தான் இது நடக்கும். எழுதாவிட்டால் மிச்சம் பள்ளி நடத்துபவரின் பையோடு நின்றுவிடும்.

ஈயத்தையும் சொல்லியாக வேண்டும். சிறு விமானங்களில் பெரும்பாலானவை குடிக்கும் ஏவ்கேஸ் 100 எல்எல் என்ற பெட்ரோலில் இன்றைக்கும் ஈயம் கலந்திருக்கிறது. நம் கார்களில் எப்போதோ ஒழிந்துபோன அதே ஈயம். இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ல் வடோதரா ஆலையில் இதைத் தயாரிக்கத் தொடங்கியதால் கிடைப்பது எளிதாகியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் வட்டமடிக்கும் பயிற்சி விமானத்தின் புகை, ஓடுதளத்தை ஒட்டியுள்ள ஊர்கள் மேல்தான் இறங்கும். சத்தமும் அப்படித்தான். பேட்டரி விமானத்தில் புகை இல்லை, சத்தமும் வெகு குறைவு. கரிசல் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கும், ஓடுதளத்துக்கு அருகில் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

நம் நாட்டிலேயே தொடக்கம் வந்துவிட்டது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் இ-ஹன்சா என்ற இரண்டு இருக்கை மின் பயிற்சி விமானத்தை உருவாக்கி வருவதாக மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. விலை சுமார் 2 கோடி ரூபாய், இறக்குமதி விமானத்தில் பாதி இருக்கும் என்றார்கள். வெலிஸின் உடன்பிறப்பான பிபிஸ்ட்ரெல் வைரஸ் பெட்ரோல் விமானங்கள் 194-க்கு நம் விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகியவற்றுக்காக ஏற்கனவே ஒப்பந்தம் போடப்பட்டது. அந்தக் குடும்பத்து விமானங்களைப் பராமரித்துப் பழகிய கைகள் நாட்டில் இருக்கின்றன. ஆகவே, ஆரம்பப் பயிற்சிக்கு முழு மின் விமானம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தயக்கம் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். அதே 200 மணி நேர விதியில், மாணவர் தனியாகப் பொறுப்பேற்று 300 கடல் மைல், அதாவது 550 கிலோமீட்டருக்கு மேல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி வரும் நீண்ட பயணம் ஒன்றும் உண்டு. இதை எந்தப் பேட்டரி விமானத்தில் முடிப்பது? பயிற்சிப் பள்ளி முழுக்க மின் விமானம் என்று அறிவித்தால் தலைப்புச் செய்தி நன்றாக வரும், மாணவர் நடுவழியில் நிற்பார்.

பயணிகள் சேவை என்றால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. மத்திய அரசின் உடான் விமானச் சேவைத் திட்டம் 2016-ல் வந்ததிலிருந்து, சிறு ஊர்களைச் சிறு விமானங்களால் இணைக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் உண்டு. வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புது முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டு, ஓடுதளமும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்கோட்டில் 120 கிலோமீட்டர் சொச்சம், மதுரைக்கும் அவ்வளவுதான். படத்தில் பார்த்தால் பேட்டரி விமானத்துக்கென்றே அளந்து வைத்த தூரம் போலத் தெரியும்.

ஆனால் திருவனந்தபுரம் போகும் வழியில் நடுவில் மலை இருக்கிறது. 600 கிலோ விமானத்தை 2,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 4 யூனிட் வேண்டும். புரொப்பல்லர், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 6 யூனிட் பக்கம் வரும். 25 யூனிட் பேட்டரியில் கால்பங்கு, இன்னும் முன்னால் போகத் தொடங்கவே இல்லை. மலையைத் தாண்டி இறங்கும்போது அந்த உயரம் கொஞ்சம் கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் காற்றாலை உச்சியில் நின்று பார்த்தவர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் வரும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அடித்து நொறுக்கும். குற்றாலத்தில் சாரல் என்று ஊரே மகிழும் அதே மாதங்களில் மலையின் கிழக்குச் சரிவில் காற்று சுழன்று குலுக்கும். மணிக்கு 160 கிலோமீட்டரில் போகிற விமானத்துக்கு எதிரே 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், 45 நிமிடப் பயணம் ஒரு மணி நேரம் ஆகிவிடும். பெட்ரோல் விமானி கிளம்பும் முன் கூடுதலாகச் சில லிட்டர் ஊற்றிக்கொள்வார். பேட்டரி விமானி எதை ஊற்றுவார்? பகல் நேரப் பறப்புக்கு அரை மணி நேரச் சேமிப்பு வைத்திருக்க வேண்டும் என்ற பொதுவான விதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவசரப் பங்கு போக 50 நிமிடம்தான் ஓடும் இயந்திரத்துக்கு அரை மணி நேரச் சேமிப்பு என்பது எவ்வளவு பெரிய சுமை!

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. உலகத்தில் இதில் இறங்கியவர்கள் எங்கே வந்து நின்றார்கள் என்று பார்த்தாலே போதும். சுவீடனில் தொடங்கிய ஹார்ட் ஏரோஸ்பேஸ் 19 பேர் போகும் முழு மின் விமானம் என்று ஆரம்பித்தது. 2022-ல் திட்டத்தை மாற்றி 30 இருக்கை ஹைப்ரிட் என்றது. பேட்டரியில் மட்டும் 200 கிலோமீட்டர், ஹைப்ரிட்டாக 400 கிலோமீட்டர் என்பது அதன் கணக்கு. இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் நார்வேயின் விடெரோ விமானச் சேவை நிறுவனத்துக்காக பி-வோல்ட் என்ற 9 இருக்கை மின் விமானத்தில் வேலை செய்தது. 2023 ஜூனில் அதை நிறுத்திவைத்தது. காரணத்தை மறைக்காமல் சொன்னார்கள்: பேட்டரி புதிதாக இருக்கும்போது காட்டும் தூரம் சில வார ஓட்டத்திலேயே குறைந்துவிடும், சில நூறு பறப்புகளில் பேட்டரியை மாற்ற வேண்டி வரும், அது கட்டுப்படியாகாது. சிறு விமானத் தொழிலில் நீண்ட அனுபவம் உள்ள நிறுவனம் தானாக முன்வந்து இப்படிச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். எவியேஷன் நிறுவனத்தின் ஆலிஸ் 2022 செப்டம்பரில் 8 நிமிடம் பறந்து உலகக் கவனத்தைப் பெற்றது. 9 பயணிகளுக்காக 3,700 கிலோ அளவுக்குப் பேட்டரி சுமந்த விமானம் அது. 2025 தொடக்கத்தில் அந்த வேலையும் நின்றுபோனது. நாசாவின் எக்ஸ்-57 என்ற மின் விமானத் திட்டம் பறக்காமலேயே 2023-ல் முடித்துவைக்கப்பட்டது.

இனி ஹைப்ரிட். இதில் இரண்டு விதம். ஒன்றில் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து விமானத்தைத் தள்ளும். ஏறும்போது இரண்டும் உழைக்கும், மேலே போய் நிலைத்துப் பறக்கும்போது சுமையைப் பகிர்ந்துகொள்ளும். இன்னொன்றில் இன்ஜின் புரொப்பல்லரைத் தொடவே தொடாது. அது ஜெனரேட்டரைச் சுற்றும், வரும் கரண்டில் மோட்டார் ஓடும், பேட்டரி நடுவில் இருந்து கூடுதல் குறைவைச் சமாளிக்கும். திருநெல்வேலி-செங்கோட்டை தடத்தில் நாம் பார்த்துப் பழகிய டீசல் இன்ஜினும் பேட்டரி நீங்கலாக இப்படித்தான் ஓடியது. டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்ற, சக்கரத்தைச் சுற்றியது மின் மோட்டார்.

இந்த இரண்டாவது வகையில் 2011-லேயே டயமண்ட் நிறுவனமும் சீமென்ஸும் சேர்ந்து டிஏ36 இ-ஸ்டார் என்ற இரண்டு இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டன. முதல் வகையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2014-ல் ஒற்றை இருக்கை விமானத்தில் 30 சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் காட்டினார்கள். அமெரிக்காவின் ஆம்பயர் நிறுவனம் செஸ்னா கேரவன் விமானத்தை ஹைப்ரிட்டாக மாற்றி 2022 நவம்பரில் பறக்கவிட்டது. எலெக்ட்ரா என்ற இன்னொரு நிறுவனத்தின் இரண்டு இருக்கை ஹைப்ரிட், இறக்கை மேல் வரிசையாக வைத்த மோட்டார்களின் காற்றால் 100 மீட்டருக்கும் குறைவான ஓட்டத்தில் எழும்புகிறது. இந்தக் கடைசித் தகவல் நமக்கு முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

ஹைப்ரிட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை. இரண்டு அமைப்புகள் என்றால் இரண்டு மடங்கு பராமரிப்பு. எண்ணெய் மாற்றவும் ஆள் வேண்டும், உயர் அழுத்த மின்சாரத்தைத் தொடவும் ஆள் வேண்டும். பயணம் நீள நீள பேட்டரியின் பங்கு குறைந்து, மிச்சமும் குறையும். போயிங்கின் முதலீடு இருந்தும் ஹைப்ரிட் விமானம் செய்யக் கிளம்பிய சூனம் ஏரோ நிறுவனம் மூழ்கிப்போனது, ஏர்பஸ்ஸும் இ-ஃபேன் எக்ஸ் என்ற ஹைப்ரிட் சோதனை விமானத்தை 2020-ல் கைவிட்டது. ஹைப்ரிட் பயணிகள் விமானம் பணம் கொடுத்தால் உடனே கைக்கு வரும் சரக்காக இன்னும் ஆகவில்லை. ஆனால் எதிர்காற்று அடித்தால், இறங்க வேண்டிய இடம் மூடியிருந்தால், வேறு ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தால், அதன் டேங்கில் எரிபொருள் இருக்கும். இந்த நில அமைப்பில் எனக்கு அது போதும்.

ஏன் போதும் என்றால், 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தாமிரபரணிக் கரை ஊர்களுக்குச் சாலை இல்லை, தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஹெலிகாப்டரில் இருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதை எல்லோரும் பார்த்தோம். அன்றைக்கு இங்கே பத்துப் பேட்டரி விமானம் நின்றிருந்தாலும் ஒரு தடவை போய்வந்த பின் சார்ஜ் போட வழி இருந்திருக்காது. குறைந்த ஓட்டத்தில் எழும்பி இறங்கும் ஹைப்ரிட் ஒன்று இருந்திருந்தால், கோவில்பட்டி மேட்டில் இருந்து கிளம்பி, தண்ணீர் தேங்காத ஒரு நேரான சாலைத் துண்டில் மருந்தோடு இறங்கியிருக்க முடியும். டயாலிசிஸ் செய்ய முடியாமல் தவித்தவர்களை, பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தரையில் ஒரு ஜெனரேட்டராகக் கூட அந்த விமானம் நின்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கரண்ட் கொடுக்கும்படி வடிவமைக்கச் சொல்லலாம். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். கோவில்பட்டிப் பள்ளிக்கான ஆவணத்தில் ஆரம்பப் பயிற்சிக்கு முழு மின் விமானத்தை ஒரு பங்காக எழுதுங்கள். நீண்ட பயணப் பயிற்சிக்கு இப்போதைக்கு பெட்ரோல் விமானம், ஹைப்ரிட் சான்றிதழ் பெற்று வந்ததும் அதற்கு மாறும் வழி என்று எழுதுங்கள். மின் விமானத்தில் பறக்கும் மணி நேரம் உரிமத்துக்கு எப்படிக் கணக்காகும் என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாணவர் கட்டணம் கட்டிய பிறகு இந்தக் கேள்வி வரக் கூடாது.

பயணிகள் சேவைக்கு முழு மின் விமானம் என்று யாராவது அழகான படங்களோடு வந்தால், பேட்டரி பழசான பிறகு எத்தனை கிலோமீட்டர், ஆடி மாத எதிர்காற்றில் எத்தனை கிலோமீட்டர், பங்குனி வெயிலில் 38 டிகிரியில் இறங்கிய பேட்டரி ஆறி மறுபடி சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று மட்டும் கேளுங்கள். சூடான காற்றில் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், சூடான பேட்டரியை உடனே சார்ஜ் செய்யவும் முடியாது. இரண்டும் ஒரே பிற்பகலில் நமக்கு நேரும். ஸ்லோவேனியாவின் குளிரில் எடுத்த எண்களை இங்கே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஹைப்ரிட்டுக்கு நீங்கள் வாங்குபவராக இருக்க வேண்டாம், சோதனைக் களம் கொடுப்பவராக இருங்கள். மலை, கடல், கணவாய்க் காற்று, வெயில், வெள்ளம் எல்லாம் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் இடம் இது. பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின் கார் ஆலை, கங்கைகொண்டானில் டாடாவின் சூரியத் தகடு ஆலை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ஈ-பிளேன் நிறுவனம் மின் விமானம் செய்து வருகிறது. காற்றாலைகளில் உயர் அழுத்த கன்வெர்ட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த நூற்றுக்கணக்கான பையன்கள் வள்ளியூர் முதல் கயத்தாறு வரை இருக்கிறார்கள். பேட்டை ஐ.டி.ஐ.யிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் மின் விமானப் பராமரிப்புக்கு ஒரு குறுகிய படிப்பைத் தொடங்க விமானம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

தீயணைப்புத் துறையை மறந்துவிடாதீர்கள். 2020 ஜனவரியில் ஆலிஸின் முதல் மாதிரி விமானம் தரையில் நடந்த சோதனையின்போதே தீப்பிடித்து எரிந்தது. 2013-ல் பேட்டரிக் கோளாறால் போயிங் 787 விமானங்கள் எல்லாம் தரையில் நிறுத்தப்பட்டன. லித்தியம் பேட்டரித் தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். கோவில்பட்டி நிலையத்து வீரர்களுக்கு அதற்கான பயிற்சியும் கருவியும் முதல் விமானம் வருவதற்கு முன்பே வேண்டும். அந்தச் செலவைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

கரண்ட் பற்றியும் ஒரு வரி. காற்று சீசனில் இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை முழுவதும் எடுக்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நாட்கள் உண்டு. ஓடும் காற்றாடியைக் கையால் நிறுத்திய எங்களுக்கு அந்த வருத்தம் தெரியும். பயிற்சி விமானங்களையும், கூடவே தரையில் வைக்கும் சேமிப்பு பேட்டரிகளையும் அந்த இரவுகளில் சார்ஜ் செய்யத் தனிக் கட்டணம் வகுக்க மின் வாரியத்தோடு பேசுங்கள்.

இந்த ஆவணத்தின் வரைவைத் தமிழிலும் வெளியிட்டு, கருத்துக் கேட்புக் கூட்டத்தை சென்னையில் வைக்காமல் கோவில்பட்டியிலேயே வையுங்கள். ஓடுதளத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் சம்சாரிகள், விமானி ஆக ஆசைப்படும் பிள்ளைகள், வெள்ளத்தில் படகு ஓட்டிய இளைஞர்கள், காற்றாலை ஆட்கள் எல்லோரும் வருவோம். நான் மேலே சொன்ன கணக்கைத் தாளில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன், உங்கள் பொறியாளர்கள் வரிக்கு வரி சரிபார்க்கட்டும்.

இப்படிக்கு,
கயத்தாறு பக்கத்துக் காற்றாலைப் பொறியாளர் ஒருவர்